எஸ்தர் மேடமும் இரண்டாவது சத்தமும்

பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த நேரத்தில் ஜான்சன் போனில் அழைத்தார். எஸ்தர் மேடத்தின் கணவர். "சார், எஸ்தர் போயிட்டா. காலைல நல்லாத்தான் பேசிகினு இருந்தா. மூச்சு வாங்குதுன்னா. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு." அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்தேன். எங்கள் கல்லூரி விலங்கியல் துறையில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. இனி அங்கே போய் எப்படி உட்காருவது என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

மாணவர்களே, உங்களில் பலர் பரிணாம உயிரியலின் முதல் பாடத்தை அவரிடம் கேட்டவர்கள். ஒருமுறை ஆர்.கே.பேட்டைப் பக்கத்து விசைத்தறி வீட்டுப் பெண் ஒருத்தி வகுப்பில் எழுந்து கேட்டாள்: "மேடம், எங்க நைனாவுக்குத் தறி சத்தத்துல காது மந்தமாயிடுச்சு. அப்ப எனக்கும் வருமா?" வகுப்பு சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. "நைனா காதைக் கெடுத்தது தறி. பொறப்புல வந்தது இல்ல. அதனால உனக்கு வராது. நீயும் தறிகிட்டயே உக்காந்துகினு இருந்தா வரும்" என்றார். பிறகு பலகைப் பக்கம் திரும்பினார். உயிர்களுக்குள் வேறுபாடு இருக்க வேண்டும். அது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போக வேண்டும். அந்த வேறுபாட்டால் சில உயிர்கள் மற்றவற்றைவிடக் கூடுதலாகப் பிழைத்துப் பெருக வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் இயற்கைத் தேர்வு. "ஒண்ணு குறைஞ்சாலும் அது வெறும் கதை" என்று முடித்தார்.

அந்தப் பெண்ணின் கேள்விதான் மேடத்தை ஆராய்ச்சிக்கு இழுத்தது. தறிச் சத்தம் மனிதக் காதையே கெடுக்கிறது. அதே கொட்டகைச் சுவரில் தலைமுறை தலைமுறையாக வாழும் பல்லிகளை அது என்ன செய்திருக்கும்? இதை வைத்து முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். துணைக்கு நானும் போவேன். தறி வீடுகள் நிறைந்த அம்மையார்குப்பத்தில் தறி ஓடாத நேரத்தில் கொட்டகைகளில் ஒலிப்பதிவுக் கருவியைத் தொங்கவிடுவோம். எங்கள் நடமாட்டம் பல்லியைக் கலைக்கக் கூடாது என்பதால் இருவரும் தெருவில் போய் நிற்போம். வீட்டார் மட்டும் உள்ளே தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, எங்கள் கல்லூரியின் பழைய கட்டடத்தில் பூட்டிக் கிடக்கும் அறைகளிலும் அதே மாதிரி பதிவு செய்தோம்.

முடிவு அழகாக வந்தது. பூட்டிய அறைப் பல்லி ஒரு தடவை கத்திவிட்டு நிறுத்திக்கொண்டது. தறிக்கொட்டகையில் பல்லி கத்தினால், பின்னாலேயே இரண்டாவதாக ஒரு சத்தம் வந்தது. இரைச்சலில் ஒரு தடவை கத்தினால் துணைக்குக் கேட்காது, திரும்பக் கத்தும் பல்லிதான் பெருகியிருக்கும் என்று எழுதி வைத்தார். அது பிறப்பில் வந்ததா, பழக்கத்தில் வந்ததா என்று பார்க்க, இரண்டு இடத்து முட்டைகளையும் ஒரே அமைதியான அறையில் பொரிக்கவைக்கும் திட்டமும் இருந்தது. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆடிக் கிருத்திகை அன்று அந்த அத்தியாயத்தைச் சரிபார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார். மதியம் காவடிக் கூட்டத்தில் தெருவே அடைத்துக்கொண்டதால் எங்களோடு சாப்பிட உட்கார்ந்தார். என் மனைவி பேசிக்கொண்டே ரசம் ஊற்றினாள். டியூப் லைட் பக்கம் பல்லி கத்தியது. அவள் பேச்சை நிறுத்தாமலே நாக்கால் 'ச்சு ச்சு' என்று சொல்லி மேசையை விரலால் தட்டினாள். மேடத்தின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"அக்கா, இப்ப என்ன பண்ணீங்க?"

"நானா? ஒண்ணும் பண்ணலியே."

நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. பல்லி சொன்னால் நாக்கைத் தட்டிப் பதில் சொல்வது எங்கள் வீடுகளில் மூச்சு விடுவது போல நடக்கிற காரியம். நானும் செய்கிறவன்தான், அதனால் அது என் காதில் விழுந்ததே இல்லை. "எங்க வீட்ல இந்தப் பழக்கம் இல்லீங்க சார்" என்றார் மேடம். அவர் மிஷன் காலத்திலிருந்தே கிறிஸ்தவக் குடும்பம். "நாம பேச்சுக் குரலை எல்லாம் வெட்டிட்டு வெடுக்குனு வர்ற சத்தத்தை மட்டும்தானே எண்ணினோம்? பூட்டின ரூம்ல பதில் சொல்ல யார் இருந்தாங்க?"

மறுபடி அம்மையார்குப்பம் போனோம். "பதில் சொல்லாம எப்படிங்க இருக்கிறது? நாக்கு தானா வருது" என்றார் தறி வீட்டு அம்மா. மேடம் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். எல்லோரும் தெருவுக்கு வந்து கதவைச் சாத்தினார்கள். பிறகு பதிவைப் போட்டுக் கேட்டோம். பல்லி கத்தியிருந்தது. இரண்டாவது சத்தம் இல்லை. அடுத்த வீட்டிலும் இல்லை, அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. மேடத்தின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கொடுத்திருந்தது கடைசி நீட்டிப்பு. புதிதாக ஆரம்பிக்க நேரமில்லை. "பல்லி வந்து கேஸா போடப்போகுது? வுடும்மா" என்றார் அவருடைய நெறியாளர். மேடம் அந்த அத்தியாயத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அது இல்லாமல் ஆய்வேடு நிற்கவில்லை, பட்டத்துக்கான பதிவு காலாவதியானது. "எனக்கு ரொம்பப் பிடிச்ச முடிவு சார் அது. அதனாலதான் சந்தேகமே வரல" என்று மட்டும் என்னிடம் சொன்னார். அவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் பட்டத்தோடு வந்து அவருக்கு மேலே உட்கார்ந்தார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. அவரோ ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் இதைத் தன் பெயரைச் சொல்லியே சொன்னார். "மனுஷன் நாக்கைப் பல்லின்னு எண்ணினவ நான். நீங்க எண்ணாதீங்க." நீங்களும் கேட்டுச் சிரித்திருப்பீர்கள்.

இரங்கல் கூட்டத்துக்கு மாணவர்கள் பேனர் அடித்திருந்தார்கள். பிரியத்தில் செய்தது. அவர் படத்துக்குக் கீழே 'முனைவர் எஸ்தர்' என்று போட்டிருந்தது. நான் அதன் முன்னால் நின்றுவிட்டேன். "போவட்டும் சார், மரியாதைக்குத்தானே" என்றார் முதல்வர். எனக்கும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. இவ்வளவு காலம் கழித்தாவது அந்தச் சொல் அவர் பெயரோடு இருக்கட்டுமே. ஜான்சன் பக்கத்தில் வந்து அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"எடுத்துடுங்க சார். அது வேணாம்னு சொல்றதுக்கு அவ எவ்ளோ அழுதான்னு எனக்குத்தான் தெரியும்."

மாணவர்கள் வெள்ளைத் தாள் கொண்டுவந்தார்கள். அந்தச் சொல்லின் மேல் நானே ஒட்டினேன். என் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் உண்டு. மனதுக்குப் பிடித்த முடிவு கையில் கிடைக்கும்போதெல்லாம் முதலில் அதைச் சந்தேகப்படுவது என்ற பழக்கத்தை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். என்னிடம் அவருடையதாக இருப்பது அதுதான். அந்தப் பட்டம் அவர் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. எடுக்கப் போன கையை அவரே இழுத்துக்கொண்டார்.