தையல் போட்ட மீன்

நீலாவதியக்கா கூடையில் இருந்த தேயிலைக் கொழுந்தில் பாதி அவள் கிள்ளியதல்ல. மலையில் எல்லாருக்கும் அது தெரியும். கங்காணி இருளப்பனுக்கும் தெரியும்.

ஒரு மழைக்காலத்தில் கூடையோடு சரிவில் விழுந்ததில் அவளுக்கு வலது தோள் இறங்கிப்போனது. அதன்பிறகு அந்தக் கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. புருஷன் இல்லாதவள். காலைப் பெரட்டு ஆள்கணக்கில் பேர் இருக்கும்வரைதான் லயத்தில் அறை. கொழுந்து குறைந்துகொண்டே போனால் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் அறையும் போய்விடும். அவளை அங்கே இருக்கவிட்டது அவள் வாய்தான்.

அவள் படம் சொல்லுவாள். ஓய்வு நாளில் பஸ் ஏறி தானா ராத்தா டவுனில் படம் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் காலையில் தேயிலை நிரையில் நின்றபடி ஆரம்பிப்பாள். ஒரு படம் ஒரு வாரம் ஓடும். கேட்கிற பெண்கள் அந்தப் பக்கம் கடந்து போகும்போது ஆளுக்கு ஒரு பிடி கொழுந்தை அவள் கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். அழ வைத்தால் இரண்டு பிடி. யாரும் பேசி வைத்த ஏற்பாடு இல்லை. எனக்குப் புல் பிடுங்கும் வேலை, கூடை கிடையாது. அவர்களுக்குக் கீழ் நிரையில் குனிந்தபடி நானும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எழுபத்தாறாம் வருசம் என்று நினைக்கிறேன். ஈப்போவில் ஒரு வெள்ளைக்காரன் படம் ஓடிக்கொண்டே இருந்தது. கடலில் பெரிய மீன் ஆளைத் தின்கிற படம். கொழுந்து லோரி ஓட்டுகிற விஜயன் அதைப் பார்த்துவிட்டு வந்து பெருமையடித்துக்கொண்டிருந்தான்.

"கதையைச் சொல்லேன்டா" என்று, கொழுந்துப் பெண்களில் முன்னால் நிற்கிற பவளம் கேட்டாள்.

"பெரிய மீனுலா. சொன்னா உங்களுக்கெல்லாம் காய்ச்சல் வந்துடும்." அதற்குமேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

சில மாதம் கழித்து தானா ராத்தா கொட்டகைச் சுவரில் வாயைப் பிளந்த மீன் படம் ஒட்டியிருந்தது. அந்தப் படந்தான் இது என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். "போயிட்டு வாக்கா, கூடையை நாங்க பாத்துக்குறோம்" என்று பவளமே அவளை அனுப்பி வைத்தாள்.

திங்கட்கிழமை நீலாவதியக்கா ஆரம்பித்தாள். படத்தில் அவர்கள் பேசிய பாஷை அவளுக்குத் தெரியாது. கீழே ஓடிய எழுத்தும் தெரியாது. கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் சொன்னாள்.

"அந்த மீனு வயித்துல நீளமா ஒரு தையல். நான் நல்லாப் பார்த்தேன். முன்னாடி ஒருத்தன் அதைக் கிழிச்சிருக்கான். அவனைத் தேடித்தான் அது கரைக்கு வருது."

"எவன் கிழிச்சது?"

"அந்த மீசைக்காரன்தான். ஊர்ப் பெரிய மனுசன். அவன் பொண்டாட்டி கரையிலயே நிக்கிறா, பாவம். அவளுக்கு எல்லாம் தெரியும். சொல்ல முடியலை."

அந்தப் பொண்டாட்டிக்காகப் பவளம் முந்தானையால் மூக்கைத் துடைத்ததை நான் பார்த்தேன். அந்த வாரம் நீலாவதியக்கா கூடை தளும்பியது.

"சிரிப்பே இல்லையாக்கா?"

"இருக்கு, நிறைய இருக்கு. அதைத் தனியா எடுத்து வச்சிருக்கேன். சனிக்கிழமை சொல்றேன்."

நம் படங்களில் சிரிப்புக்காரர்கள் தனியாக வந்து தனியாகப் போவார்கள். அவர்களை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். எல்லாப் படத்தையும் அவள் அப்படித்தான் பிரித்துச் சொல்லுவாள். சனிக்கிழமை சிரிப்பை ஆரம்பித்தாள். மீசைக்காரன் குளிக்கிற தொட்டிக்குள் மீன் வந்துவிடுகிறது. கடலுக்கு மந்திரிக்க வந்த பாதிரியார் வழுக்கி விழுகிறார். மீன் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். சாயங்காலம் நிறுவைக் கொட்டகையிலும் அதே பேச்சுதான்.

லோரியில் சாய்ந்து நின்ற விஜயன் காது கொடுத்துக் கேட்டான்.

"நான் பார்த்ததுல தொட்டியும் இல்லை, பாதிரியாரும் இல்லை. எங்க பார்த்தீங்க இதை?"

"நீலாக்கா பார்த்தாங்க. தானா ராத்தாவுல."

அடுத்த நடை டவுனுக்குப் போனவன் கொட்டகைக்காரனிடமே விசாரித்துக்கொண்டு வந்தான். நிறுவைக்கு எல்லாரும் கூடியிருந்த நேரமாகப் பார்த்துச் சொன்னான்.

"அது இத்தாலிக்காரன் எடுத்த கேலிப் படம். பெரிய படத்தை நக்கல் பண்ணி எடுத்தது. கையில காசு இல்லாம துணியில மீனு தச்சு, உள்ள ஒரு ஆளை விட்டிருக்கான். அந்தத் தையலைத்தான் அக்கா பார்த்திருக்காங்க." பவளத்தின் பக்கம் திரும்பினான். "அதுக்கா ஒரு வாரம் ஒப்பாரி வச்சீங்க?"

கங்காணி சிரித்தார். அவர் சிரித்ததும் ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீலாவதியக்கா தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தையல் இருந்துச்சே" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளே மருந்தடிக்கிற ஆட்கள் பெண்கள் கூட்டத்துக்குத் துணிமீன் கட்சி என்று பேர் வைத்துவிட்டார்கள். கடையில் பவளத்தைப் பார்த்தால், "துணி வேணுமாக்கா, மீனு தைக்க?" என்று கேட்டார்கள். பவளத்துக்கு அது பொறுக்கவில்லை.

அன்றைக்கு நீலாவதியக்கா ஒரு பழைய சாமி படத்தை ஆரம்பித்தாள்.

"போதும், வேலையைப் பாருங்க" என்றாள் பவளம்.

தன் நிரை முடிந்து கூடையோடு அவளைக் கடந்து போனாள். கை கூடைப் பக்கம் போகவில்லை. பின்னால் வந்தவர்கள் பவளத்தின் கையைப் பார்த்தார்கள். அவர்களும் போடவில்லை. நீலாவதியக்கா தன் கூடையை வழக்கம்போல் அவர்கள் பக்கம் சாய்த்து வைத்திருந்தாள். கடைசிப் பெண் போன பிறகுதான் நிமிர்த்தினாள்.

இடது கையால் எவ்வளவு கிள்ள முடியும்? ஒவ்வொரு நிறுவைக்கும் கொழுந்து இறங்கிக்கொண்டே போனது. "ஆபீஸ்ல கிராணி கணக்குக் கேட்டா நான் என்னம்மா சொல்றது?" என்றார் கங்காணி. இத்தனை காலம் என்ன சொன்னாரோ அதையே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேரை வெட்டினார்கள். அறையைக் காலி செய்து, ஒரு பெட்டியோடும் இரண்டு சட்டியோடும் விஜயனின் லோரியிலேதான் அவள் இறங்கிப் போனாள். பெட்டியை அவனே தூக்கி ஏற்றினான். அதில் அவன் குறை வைக்கவில்லை.

அடுத்த தீபாவளிக்குத் தோட்டத்துத் திடலில் திரைக்கு ஒரு வேட்டியைக் கட்டி அசல் படத்தையே போட்டார்கள். பெண்கள் முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்தார்கள். மீன் வந்தது, கடித்தது, மறுபடி வந்தது. அது புரண்டபோதெல்லாம் பவளம் கழுத்தை நீட்டி அதன் வயிற்றைப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. கரையில் நிற்கிற பொண்டாட்டியும் வரவில்லை. படம் முடிவதற்குள் நிறையப் பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். மறுநாள் நிரையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதன்பிறகு எங்கள் மலையில் யாரும் படம் சொன்னதும் இல்லை.

சில வருசம் கழித்து, என் கூடப்பிறந்த அக்காவைப் பார்க்க லெம்பா பெர்த்தாம் ஊருக்குப் போன இடத்தில், ஒரு சீனர் காய்கறித் தோட்டத்துக் கொட்டகையில் நீலாவதியக்கா உட்கார்ந்திருந்தாள். முட்டைக்கோஸின் வெளி இலைகளை இடது கையால் உரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. அசல் படம் தோட்டத்துக்கு வந்ததைச் சொன்னேன்.

"மீனுக்குத் தையல் இருந்துச்சா?"

"இல்லக்கா."

"கிழிச்சவன்?"

"அப்படி யாரும் இல்லக்கா. சும்மாதான் வருது, சும்மாதான் கடிக்குது."

அவள் ஒரு இலையை உரித்துக் காலடியில் போட்டாள். "சும்மா வந்து கடிக்குமா?" என்றாள். பிறகு, நான் நின்றுகொண்டிருக்கும்போதே, அடுத்த கோஸை எடுத்தாள்.