இருதயமேரி டீச்சரை உட்கார வைத்தவர்கள்

செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளையில் செய்தி வந்தது. பியூன் வகுப்பு வாசலில் நின்று, "இருதயமேரி டீச்சர் போயிட்டாங்களாம்மா. காலையில, அவங்க அண்ணன் வூட்ல" என்றார். நான் ஆசிரியர் அறைக்குப் போவதற்குள் அங்கே பேச்சு தொடங்கிவிட்டது. "அந்த சைக்கிள்தாங்க எமன்" என்றார் ஒருவர். "என்னா பொறுமைங்க அவங்களுக்கு! ஒரு வார்த்த மொணகல" என்றார் இன்னொருவர். இரண்டும் பொய். துக்கம் வருவதற்கு முன்பே எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது இன்னும் இறங்கவில்லை.

அவரிடம் டிரில் படித்தவர்களுக்கும், என்னைப்போல அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கொசுவத்தைச் செருகிக்கொண்டு சைக்கிள் ஏறும் அவரை மொரப்பூரில் பார்க்காதவர்கள் இல்லை. ஒருநாள் கடைத்தெருவில் நானும் உடன் இருந்தேன். "எங்க டீச்சர் கெளம்பிட்டீங்க?" என்று மளிகைக்கடைக்காரர் கேட்டார்.

"எங்கயும் இல்லீங்க."

"அப்பறம் எதுக்குங்க போறீங்க?"

"திரும்பி வர்றதுக்குத்தான்."

கடைக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், டீச்சருக்குப் புத்தி சரியில்லையா என்பதுபோல. ஆண்கள் வேலையில்லாமல் டீக்கடையில் அரைநாள் உட்கார்ந்திருந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. ஒரு பெண் தன் சந்தோஷத்துக்காகச் சைக்கிள் ஓட்டினால் ஊருக்கே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், விபத்து நடந்த ஞாயிறு அவர் அரூர் தாண்டிச் சித்தேரி மலைப் பாதைக்குப் போயிருந்தார். மேலே தள்ளிக்கொண்டு ஏறி, இறக்கத்தில் ஓட்டிக்கொண்டு வருவது அவருக்குப் பிடிக்கும். ஒரு வளைவில் சரளைக்கல்லில் முன்சக்கரம் வழுக்கியது. தலைகுப்புற விழுந்து புரண்டு, மல்லாந்து கிடந்தார். நினைவு தப்பவில்லை. முதலுதவிப் பாடம் நடத்தியவர் அல்லவா, அசையாமல் கிடந்தே தன்னைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். விரல்கள் மடங்கின. கால் கட்டைவிரலும் அசைந்தது.

அப்போது பஸ் வந்து நின்றது. இறங்கி வந்தவர்களிடம், "என்னத் தூக்காதீங்க, கழுத்துல அடி. ஒரு பலகையோ கதவோ கொண்டாங்க" என்று கெஞ்சியிருக்கிறார். அவர்கள் பார்த்தது கழுத்தை அல்ல, முழங்காலுக்கு மேல் ஏறியிருந்த சேலையை. "மொதல்ல அத இழுத்து வுடுங்கடி" என்றாள் ஓர் அம்மாள். "நாலு ஆம்பளைங்க நிக்கற எடத்துல இப்புடியா படுத்துக் கெடக்கறது?" என்றார் ஒருவர். அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைத்தார்கள். சோடா குடிக்கத் தலையைப் பின்னால் சாய்த்தார்கள். பஸ்ஸில் கீழேயாவது படுக்க வையுங்கள் என்று கேட்டபோது கண்டக்டர், "டீச்சரப் போயி மிதிபடற எடத்துல படுக்க வெக்கறதாங்க? மரியாதையா முன்னால ஒக்கார வைங்க" என்றாராம். முன் சீட்டில், ஜன்னலோரம், ஒவ்வொரு வளைவிலும் தலை ஒருபக்கமாகச் சரிய, அரூர் வரைக்கும் வந்தார்.

பிறகு அவர் என்னிடம் சொன்னது இது: "மலையில கெடந்தப்ப கால்ல எறும்பு ஏறுச்சு, நல்லாத் தெரிஞ்சுது. அரூர் ஆஸ்பத்திரியில செருப்பக் கழட்டுனாங்களாம். தெரியல டீச்சர்."

விழுந்ததிலா, தூக்கியதிலா, எதில் உணர்வு போனது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அது அவர் தொழிலின் நிதானம். எனக்கு அந்த நிதானம் இல்லை. எறும்பு ஊர்ந்தது தெரிந்த கால் அது.

பொறுமை என்றார்களே, அதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் வீட்டுக் கட்டிலில் அவர் கிடந்த ஆண்டுகளில் பழமும் ஆறுதலுமாக எத்தனையோ பேர் வந்தார்கள். கோயில் பெரியவர் ஒருவர், "எல்லாம் ஆண்டவர் சித்தம்மா" என்றார். "ஆண்டவர் மேல போடாதீங்க. அவரு அந்த பஸ்ஸுல வரல" என்றார் டீச்சர். பெரியவர் ஆப்பிளை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அண்ணி முதுகைப் புரட்டிப் படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடும்போதெல்லாம் வாய்விட்டுத் திட்டுவார். யாரை என்றில்லை, எல்லோரையும். "சேலைய சரி பண்ணுனாங்க, என்னய ஒடச்சாங்க" என்பார். கடைசியில் அந்தப் புண்ணில் வந்த காய்ச்சல்தான் அவரைக் கொண்டுபோனது. சைக்கிள் அல்ல.

வியாழக்கிழமை பள்ளியில் இரங்கல் கூட்டம். முடிவில் தலைமையாசிரியை எழுந்து, டீச்சரின் நினைவாக ஒரு தீர்மானம் என்றார். வரும் திங்கள் முதல் மாணவிகள் யாரும் சைக்கிளில் பள்ளிக்கு வரக்கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். பஸ் போகாத ஊர்களிலிருந்து வரும் பெண்களுக்குச் சாயங்காலம் மைதானத்தில் சைக்கிள் பழக்கிவிட்டவர் இருதயமேரி டீச்சர். சைக்கிள் இல்லையென்றால் அவர்களில் பாதிப் பேரைத் தகப்பன்மார் நிறுத்திவிடுவார்கள். அவர் பெயராலேயே அதைச் செய்கிறோம்.

கூட்டங்களில் நான் பேசுகிறவள் அல்ல. அன்று எழுந்தேன். "ஒரு நினைவு வேணும்னா, கழுத்துல அடிபட்டவங்களை எப்படித் தூக்கணும்னு ஸ்கூல்ல சொல்லிக் கொடுப்போம். பஸ்காரங்களுக்கும் சொல்லுவோம். இருதயமேரி டீச்சர் கேட்டது அதுதான். சைக்கிளை நிறுத்தச் சொல்லல" என்றேன்.

"இந்த நேரத்துல விவாதம் வேண்டாம், உக்காருங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியை. நான் உட்காரவில்லை. கூட்டம்தான் கலைந்தது.

இருதயமேரி டீச்சருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. கேட்டு வாங்கவும் தோன்றவில்லை. நாற்பது வயதைத் தாண்டியும் கோபப்படக் கூச்சப்பட்டே வாழ்ந்தவள் நான். கட்டிலில் கிடந்தபடி கடைசிவரை கூசாமல் கோபப்பட்ட ஒருவரை அருகில் இருந்து பார்த்தேன். அந்தக் கோபத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் அவரைப் பொறுமைசாலி என்று சொல்லிப் பறித்துக்கொள்ள விடமாட்டேன்.

திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில் நிற்கும் முறை என்னுடையது. சைக்கிளில் வரும் பெண்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு. கேட்டை முழுதாகத் திறந்து வைப்பேன். இறங்கித் தள்ளிக்கொண்டு வரத் தேவையில்லை, அப்படியே ஓட்டிக்கொண்டு உள்ளே வரலாம்.