மதினி தொங்கவிட்ட டயர்

அறந்தாங்கிப் பஸ் எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கிற வழக்கமில்லை. அன்று நின்றது. டிரைவர் இறங்கி வந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு, "வாத்தியாரய்யா, ஒங்க மதினி தவறிட்டாக. கூழுக்கு மாவு கரைச்சுக்கிட்டு இருக்கையிலேயே சாஞ்சிட்டாக" என்றார். அந்தப் பஸ்ஸிலேயே ஏறிப் புறப்பட்டேன். பாதி வழியில் அவர் சாலையைப் பார்த்தபடியே, அந்த டயரை என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டார். வள்ளிக்கண்ணு மதினியை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வியப்பாக இராது. அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். அறிந்தவர்களும் இன்னொரு தடவை கேட்டால் குறைந்துபோய்விட மாட்டார்கள்.

இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது, அவர் யாருக்கும் தீங்கு நினையாதவர், எல்லோரையும் மன்னித்தவர் என்று எழுதுவது மரபு. மதினியைப் பற்றி அப்படி எழுதினால் அவர் எழுந்து வந்து என் கையைத் தட்டிவிடுவார். அவர் ஒருவரை மன்னிக்கவே இல்லை. மன்னிக்காமல் இருந்ததுதான் அவர் செய்த பெரிய காரியம் என்பது என் கட்சி.

என் அண்ணன் சுப்பையா, மதினியின் புருஷன், ஆவுடையார்கோவில் பக்கத்து எங்கள் ஊர்ப் பண்ணையாரிடம் டிரைவராக இருந்தார். பண்ணையாரின் பிளசர் கார் பெரிய வண்டி. குடும்பம் முழுவதும் ஏறினாலும் இடம் இருக்கும். கண்மாய்க் கரை, சரளைப் பாதை எதற்கும் அசையாது. யுத்தம் முற்றி, மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் ரப்பர் வரத்து நின்றது. டயர் வாங்கப் பெர்மிட் வேண்டும் என்றார்கள். பெர்மிட் கிடைத்தவர்களுக்கும் டயர் கிடைக்கவில்லை. வண்டி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கட்டை கொடுத்து நிறுத்தினார்கள். எங்கள் பண்ணையார் மட்டும், வண்டியோடு பூட்டி வந்த கம்பெனி டயர் தன்னிடம் யுத்தம் முடிகிறவரை ஓடும் என்று தாலுகாக் கச்சேரி முதல் கோயில் மண்டபம் வரை பந்தயம் கட்டிக்கொண்டு திரிந்தார்.

அந்தத் தைரியத்துக்குக் காரணம் வேப்பெண்ணெய். கிணற்றில் மாடு கட்டி நீர் இறைக்கிற கமலைச் சாலின் தோல் வெடிக்காமல் இருக்க நாங்கள் எல்லோரும் அதற்கு வேப்பெண்ணெய் பூசுவோம். எண்ணெய் கண்ட தோல் பல வருஷம் உழைக்கும். தோலுக்கு ஆவது டயருக்கு ஆகாதா என்று பண்ணையார் உத்தரவு போட்டார். வாரந்தோறும் வெள்ளிக்கிழமை நான்கு டயருக்கும் எண்ணெய்க் குளியல். அண்ணன் மாட்டைத் தேய்ப்பது போலத் தேய்ப்பார். மதினி சட்டியில் எண்ணெயை வெதுவெதுப்பாகக் காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுப்பார். அது பிசகு என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் படித்த வாத்தியார், எனக்கும் தோன்றவில்லை. பளபளவென்று கறுத்து நின்ற டயர்களைப் பார்த்து எல்லோரும் பண்ணையாரின் புத்தியைத்தான் மெச்சினோம்.

ஒருநாள் சம்பந்தி வீட்டார் வண்டியில் இருக்கும்போது, அறந்தாங்கிக் கடைத்தெருவிலேயே ஒரு டயர் வெடித்தது. வெடித்த இடத்தில் ரப்பர் களி போல இளகிக் கிடந்தது. மற்ற மூன்றும் அதே கதிதான். டயர் ஒட்டுப்போடுகிற கடைக்காரர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிச் செத்துப்போகும், எந்தப் புண்ணியவான் இதற்கு எண்ணெய் தேய்த்தான் என்று கேட்டார். கடைத்தெருவே சிரித்தது. சம்பந்தியும் சிரித்தார்.

பண்ணையார் அந்தச் சிரிப்பைத் தாங்கியிருக்கலாம். தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாள் ஊர் மறந்திருக்கும். அவர் என் அண்ணன் பக்கம் கையை நீட்டினார். "இது என் டயரே இல்ல. கம்பெனி டயர வித்துத் தின்னுட்டு, களவாணிப்பய எவன்கிட்டயோ இத்துப்போனத வாங்கி மாட்டிருக்கான்" என்றார். சம்பந்தி சிரிப்பை நிறுத்தினார். அத்தனை பேர் நடுவில் எஜமானைப் பொய்யர் என்று சொல்ல அண்ணனுக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் அந்த வெடித்த டயரை ஆள் விட்டு எங்கள் வாசலில் போடச் சொன்னார் பண்ணையார். திருடன் வீடு இன்னதென்று ஊருக்கு அடையாளம் தெரிய வேண்டுமாம். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பது இதுதான். மதினி அந்த டயரைத் தூக்கி நிறுத்தி, குனிந்து முகர்ந்து பார்த்தார். பிறகு என்னையும் முகரச் சொன்னார். வேப்பெண்ணெய் நெடி குப்பென்று அடித்தது. வெள்ளிதோறும் அவர் காய்ச்சிக் கொடுத்த அதே எண்ணெய். சுற்று வட்டாரத்தில் டயருக்கு எண்ணெய் தேய்த்த வீடு அந்த ஒரு வீடுதான். வேறு டயரில் அந்த நெடி எங்கிருந்து வரும்?

ஆனால் யார் கேட்டார்கள்? டயர் திருடினவன் என்ற பேரோடு அண்ணனுக்கு எந்த முதலாளியும் வண்டி கொடுக்கவில்லை. ஸ்டியரிங் பிடித்த கையால் ஜெகதாப்பட்டினத்தில் கருவாட்டு மூட்டை தூக்கினார். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலோடு திரும்பி வந்தவர் பிழைக்கவில்லை. சாவதற்கு முன், தன் பேரைத் துடைத்துவிடச் சொல்லி மதினியின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். காய்ச்சல் கொன்றது என்று ஊரார் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை.

காரியம் முடிந்த மறுநாள், பண்ணையார் கோயிலுக்குப் போகும் சாலையோரத்துப் புளியமரத்தில் மதினி அந்த டயரைக் கயிறு கட்டித் தொங்கவிட்டார். அடியில் கூழ்ப் பானையை வைத்துக் கடை போட்டார். கூழ் குடிக்க வருகிற வண்டிக்காரர், சந்தைக்காரர், பரதேசி எல்லோரிடமும் அவர் சொன்னது ஒன்றே: "மோந்து பாருங்க. அப்பறமாக் கதை சொல்றேன்." முகர்ந்தவர்கள் கதையை மீமிசல் வரைக்கும் கொண்டுபோனார்கள். பண்ணையாரின் இளைய மகளைப் பெண் பார்க்க வந்த கூட்டமும் நிழலுக்கு அங்கேதான் ஒதுங்கியது. மதினி அவர்களுக்குக் கூழும் கொடுத்து, முகரவும் கொடுத்தார். கல்யாணம் நின்றுவிடவில்லை, ஆனால் பந்தியில் மாப்பிள்ளையின் தகப்பனார், உங்கள் வீட்டில் டயருக்கு மட்டும்தான் எண்ணெய்க் குளியலா என்று கேட்டுவிட்டார். பண்ணையார் பாதி இலையில் எழுந்தார் என்று கேள்விப்பட்டு நான் அன்று இரண்டு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பிறகு பண்ணையார் கணக்கப்பிள்ளையை அனுப்பினார். டயரைக் கழற்றிவிட்டால் கிணற்றோரத்து நிலத்தை மதினி பேருக்கே எழுதிவைப்பதாகச் சேதி. மதினி கூழைக் கிண்டுவதை நிறுத்தாமல், "நெலமெல்லாம் வேணாம். அவுக வாயால போட்ட பழி, அவுக வாயாலதான் எடுக்கணும். அதே கடத்தெருவுல வந்து எடுக்கச் சொல்லுங்க" என்றார். நானே ஒருமுறை, போதும் மதினி, உடம்பு போகிறதே என்று சொன்னேன். "மன்னிக்கிறதுக்கு மொதல்ல அவுக கேக்கணும்ல, தம்பி?" என்று திருப்பிக் கேட்டார்.

யுத்தம் முடிந்தது. பண்ணையார் வண்டிக்குப் புது டயர் வந்தது. முதல் நாள் அது புளியமரத்தைக் கடந்தபோது மதினி ஓடிப்போய்க் குறுக்கே நின்றார். வண்டி நின்றது. குனிந்து சக்கரத்தை முகர்ந்தார். நிமிர்ந்து, உள்ளே இருந்தவரைப் பார்த்து, "இதுக்கு எண்ணெய் வைக்கலையே. ஏங்க?" என்றார். சாலையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். பண்ணையார் வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். மதினி அன்று சிரித்தது போல அதற்கு முன்னும் பின்னும் சிரித்து நான் பார்த்ததில்லை.

இத்தனை வருஷம் கழித்து, மதினியின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பண்ணையாரே வந்தார். கோடித் துணி கொண்டுவந்திருந்தார். தலை நடுங்கியது, கைத்தடி இல்லாமல் நிற்க முடியவில்லை. என்னை மாட்டுக்கொட்டகைப் பக்கம் தனியாக அழைத்துப்போய்க் காதோடு சொன்னார்: "சுப்பையா எடுக்கலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும், வாத்தியாரே. ஆளே போயிருச்சு. இனிமே அதக் கழட்டிருங்க." பந்தலில் ஊரே உட்கார்ந்திருக்கிறது, அங்கே வந்து இதையே சொல்லுங்கள், இந்த நிமிஷமே கழற்றுகிறேன் என்றேன். அவர் பந்தலை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கோடியை என் கையில் திணித்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். அந்தக் கோடியை நான் அவர் வண்டிக்குள்ளேயே எறிந்தேன். முதியவரிடம் அப்படி நடக்கலாமா என்று உறவினர்கள் கடிந்தார்கள். அவர்கள் அண்ணனோடு கருவாட்டு மூட்டை தூக்கியவர்கள் அல்லர்.

மதினியின் பானையை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். சேலைகளை என் தங்கை எடுத்துக்கொண்டாள். அவருடைய கோபத்தை மட்டும் யாருக்கும் பங்கு கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டேன். அது இன்னும் சூடாக இருக்கிறது, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மதினியை அறிந்த உங்களிடம் ஒரு வேண்டுகோள். பண்ணையாருக்குக் கண் மங்கிவிட்டது, அச்செழுத்துத் தெரியாது. காது நன்றாகக் கேட்கிறது. அவர் என் காதில் சொன்னதை நான் இங்கே எழுதிவிட்டேன். உங்களில் யாராவது அறந்தாங்கிக் கடைத்தெருவில் அவரைக் கண்டால், நிறுத்தி, நாலு பேர் கேட்க, இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.