ஒன்பது டியூப், ஒரே ஆள்

பக்கிரிசாமி அண்ணன் தவறிவிட்டார் என்று நர்ஸ் வசந்திதான் போனில் சொன்னாள். தஞ்சாவூர் ஆய்வகத்தில் மதியச் சாப்பாட்டைத் திறந்து வைத்திருந்தேன். நுரையீரல் புற்று, கண்டுபிடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. டிபன் பாக்ஸை மூடி வைத்தேன். அழுகை மறுநாள்தான் வந்தது. அவரோடு வெயிலில் தெருத் தெருவாக நடந்த களப்பணியாளர்கள் நீங்கள். நானோ ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு அவரைத் திட்டியவள்.

எங்கள் ஆய்வின் கேள்வி உங்களுக்குத் தெரியும். காசநோய் வந்து ஆறிய நுரையீரலில் பின்னால் புற்று வந்தால், அதற்கு அந்த நோயே காரணமா, இல்லை பீடி, அடுப்புப் புகை என்று வேறு ஏதாவதா? பிறவியிலேயே கூட வரும் மரபணுக்களை வைத்து இதைப் பிரித்துப் பார்க்கிறோம். அதற்கு ஊர் ஊராக ரத்தம் வேண்டும். அண்ணனுக்கு இருபத்திரண்டு வயதில் காசநோய் வந்து குணமானது. அதன்பின் வாழ்நாள் முழுக்கக் காசநோய்ப் பணியாளராகவே இருந்தார். இந்த வேலைக்கு அவரை விட்டால் ஆள் இல்லை.

முதல் தொகுப்பைச் சரிபார்த்தபோது, ஊருக்கு ஒன்றாக ஒன்பது ஊர்களிலிருந்து வந்த ஒன்பது டியூப்கள் ஒரே ஆளுடையவை என்று கணினி காட்டியது. எனக்கு மண்டை சூடாகிவிட்டது. ஒருவர் கையிலேயே குத்திப் பல டியூப்களை நிரப்பி அனுப்புகிறார்கள் என்று நினைத்தேன். முத்துப்பேட்டைப் பக்கம் முகாமில் இருந்த அண்ணனை நேரில் போய்ப் பிடித்து, எல்லார் முன்னாலும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சட்டைக் கையை மடித்து ஊசித் தழும்புகளைக் காட்டினார். "ஊருக்கு ஊரு மொதல்ல நான் குடுத்தாதான் மத்தவங்க கை நீட்டுறாங்கம்மா. எடுத்த ரத்தத்த அவங்க கண்ணு முன்னால எப்படிக் கொட்டுறது?" என்றார். ரத்தம் எடுத்த வசந்தியும் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காக எண் போட்டு அனுப்பியிருக்கிறாள். கணக்கிலிருந்து எட்டை நீக்கினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

அன்றே அவர் ஊராருக்கு ஆய்வை விளக்கியதையும் கேட்டேன். "ஒரே வயல்ல ரெண்டு ரகம் போடுறோம். ஒண்ணு நோய் தாங்குது, ஒண்ணு தாங்கல. அந்தக் குணம் விதையிலயே இருக்கு. மழையும் பூச்சியும் அப்பறம்தான் வருது. விதையப் பாத்துட்டா, பின்னால வந்த கேட்டுக்கு எது காரணம்னு பிரிச்சுடலாம்." நான் இதையே படம் போட்டு விளக்கினால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அவர் சொல்லி முடித்ததும் ரத்தம் கொடுக்க வரிசை கூடிவிட்டது.

எங்கள் கோப்பில் பெயர் கிடையாது, எண்தான். அத்தனை எண்களில் எனக்கு முகம் தெரிந்தது அவருடையது மட்டுமே. இப்போது அவரை எரித்தாகிவிட்டது. அவர் ரத்தம் மட்டும் எங்கள் ஃப்ரீசரில் ஒன்பது டியூப்களில் உறைந்து கிடக்கிறது. அந்த அறைப் பக்கம் தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது.

ஊரில் யார் இரண்டு வாரம் இருமினாலும் கையைப் பிடித்து இழுத்துப்போய் எக்ஸ்ரே எடுக்க வைப்பார். தன் இருமலை மட்டும் "பழைய தழும்பும்மா" என்று தள்ளிவிடுவார். நானும் நம்பினேன். பழைய தழும்பில் என்ன வரலாம் என்று ஆராயத்தான் எனக்குச் சம்பளமே. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். அவர் மனைவி காபியைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"தெனம் போன்ல பேசுவீங்களேம்மா. அவரு இருமுனது உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்டது என்றேன்.

நேற்று அவருடைய எண்ணுக்கு எதிரே 'புற்று இல்லை' என்றிருந்ததை 'உண்டு' என்று மாற்றினேன். ஒரு நிமிட வேலைதான். ஆய்வு என்ன முடிவு சொன்னாலும் அதில் அவரும் இருப்பார். எனக்கென்று அவரிடமிருந்து மிஞ்சியது வேறு. போனில் பேசும்போது இருமல் வந்தால் முகத்தை அப்பால் திருப்பிக்கொள்வார். நான் பொறுமையாகக் காத்திருப்பேன். இருமி முடித்து மூச்சு வாங்கி, "சொல்லுங்கம்மா" என்பார். நான் விட்ட இடத்திலிருந்து டியூப் எண்களைச் சொல்லத் தொடங்குவேன்.