பைக்குள் பை

போன சனிக்கிழமை காலை. நைட் ஷிஃப்ட் முடித்து, வழியில் கடைக்கும் போய்விட்டு வீட்டுக்குள் நுழைந்தார் என் கணவர். ஒரு கையில் மட்டன், உருளைக்கிழங்கு, மைதா, வெண்ணெய். எல்லாம் சரி. இன்னொரு கையில்... நான்கு மஞ்சள் துணிப்பைகள். புத்தம் புதுசு. ஒவ்வொன்றிலும் ஒரு மாத மளிகையை அடைக்கலாம்.

"எதுக்குங்க இத்தனை பை?"

"நீதானே மெசேஜ் போட்டுகினு இருந்த?"

இவருக்குச் சொந்த ஊர் வடலூர் பக்கம். நெய்வேலி டவுன்ஷிப் க்வாட்டர்ஸில் இத்தனை வருஷம் இருந்ததில் பேச்சு பொதுவாகிவிட்டது. தூக்கமோ கோபமோ வந்தால் மட்டும் 'கினு' எட்டிப் பார்க்கும். அன்றைக்கு இரண்டும் இருந்தது.

போனை நீட்டினார். என் மெசேஜ்தான். 'மட்டன், உருளைக்கிழங்கு, மைதா, வெண்ணெய் வாங்கிட்டு வாங்க. இன்னிக்கு பை. பெருசா வேணும். நாலு பேருக்கு.'

"ஐயோ! இது அந்தப் பை இல்லைங்க. இங்கிலீஷ் பை. திங்கிற பை!"

"பைய யாராவது திம்பாங்களா? ரெண்டு போதும்னு கடைக்காரர் சொன்னாரு. நான்தான் வூட்ல நாலு பேருன்னு சண்டை போட்டுகினு நாலா வாங்கியாந்தேன்."

திட்டினேன். நன்றாகவே திட்டினேன். அவர் போய் ஏசி ரூமில் படுத்துக்கொண்டார்.

இங்கிலீஷ் பை இந்த வீட்டுக்குள் எதற்கு வந்தது? அதைச் சொல்ல வேண்டுமே!

என் மகள் நித்யா இங்கிலாந்தில் வேலை பார்க்கிறாள். அங்கேயே டாம் என்ற பையனைக் கல்யாணமும் செய்துகொண்டாள். (அந்தக் கதையை இதே பக்கத்தில் தவணை முறையில் புலம்பித் தீர்த்திருக்கிறேன். மறந்திருக்க மாட்டீர்கள்.) இந்தக் கோடைக்கு மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. அவருடைய அம்மா ஜேனட் மட்டும், மருமகள் பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று நித்யாவோடு ஒரு வாரம் வந்துவிட்டார்.

சம்பந்தி முதல் தடவை வீட்டுக்கு வந்தால் என்ன செய்வோம்? ஆக்கிப் போடுவோம். நானோ திண்டுக்கல்காரி. மட்டன் குழம்பு, வஞ்சிரம் வறுவல், நாட்டுக்கோழி என்று தினம் ஒன்று.

"லவ்லி!" என்பார் சம்பந்தியம்மா.

ஒரு வாய். அப்புறம் ஃபோர்க் மட்டும் தட்டில் வாக்கிங் போகும். குழம்பு இடது பக்கமிருந்து வலது பக்கம் போகும். வலது பக்கமிருந்து இடது பக்கம் வரும். கண்ணில் லேசாகத் தண்ணீர். "லவ்லி, லவ்லி..."

சரி, காரம்தான் பிரச்னை என்று காரமே இல்லாமல் பொங்கல் வைத்தேன். அதற்குள் ஒளிந்திருந்த ஒரு மிளகு அவரைப் பழிவாங்கிவிட்டது. தயிர் சாதம் தந்தேன். சோற்றில் தயிரை ஏன் ஊற்றினேன் என்று நித்யாவிடம் ரகசியமாகக் கேட்டாராம்.

அவர் வயிற்றுக்குள் போனதெல்லாம் வாழைப்பழமும் பண்ருட்டி முந்திரியும்தான். படுக்கையைத் தட்டிப் போடப் போனபோது தலையணைக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்தேன். பாதி காலி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் வீட்டில் ஒரு விருந்தாளி ஒளித்துவைத்து பிஸ்கட் சாப்பிடுவதா?

இத்தனைக்கும் என் மகள் வாழ்வது அவர் வீட்டுக்கு அடுத்த தெருவில். அவளுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியோ சூப்போ கொண்டுபோய்க் கொடுக்கப் போவது இந்த அம்மாதான். நானில்லை. அவரிடம் நாலு வார்த்தை பேசி மனசைத் திறக்கலாம் என்றால், என் இங்கிலீஷ் அவருக்குப் புரியவில்லை. அவர் இங்கிலீஷ் நித்யாவுக்கே பாதிதான் புரிகிறது. நான் வேறு என்ன செய்ய? ஞாயிற்றுக்கிழமை கார் ஏறுவதற்குள் அவர் என் கையால் ஒரு வேளையாவது வயிறார சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் என் லட்சியம்.

வழி காட்டியது சுரங்கம்.

வெள்ளிக்கிழமை இவர் தான் வேலை செய்யும் சுரங்கத்தைப் பார்க்க எங்களைக் கூட்டிப்போனார். வேலியோரம் நின்றால், கீழே அதலபாதாளத்தில் ராட்சதச் சக்கரம் ஒன்று மண்ணைச் சுரண்டிக்கொண்டிருக்கும். நமக்கு அலுத்துப்போன காட்சி. சம்பந்தியம்மா கம்பியைப் பிடித்தபடி அசையவே இல்லை. நித்யாதான் மொழிபெயர்த்தாள். அவருடைய அப்பாவும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாம். பூமிக்கு அடியில் பொந்து மாதிரி வழியில் தவழ்ந்து போவாராம். "இங்கே வேலை செய்கிறவர்களுக்கு வானம் தெரிகிறதே!" என்று ஆச்சரியப்பட்டார்.

"ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவருக்கு உங்க வீட்ல என்ன சமைப்பாங்க? கேளுடி!" என்றேன்.

வந்த அன்றிலிருந்து முதல் தடவையாக அந்த முகம் மலர்ந்தது.

"மீட் அண்ட் பொட்டேட்டோ பை."

முடிவு செய்துவிட்டேன். நான் பார்க்காத மட்டனா? நான் பார்க்காத உருளைக்கிழங்கா? ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்குத்தானே நானும் இத்தனை வருஷமாகச் சமைக்கிறேன்!

சனிக்கிழமை. நித்யா போனைப் பார்த்துச் செய்முறை படித்தாள். மட்டன், வெங்காயம், உருளைக்கிழங்கு, உப்பு, மிளகுத்தூள்.

"அப்புறம்?"

"அவ்வளவுதாம்மா."

"இஞ்சி பூண்டு?"

"கிடையாது."

"கொஞ்சூண்டு சோம்பு?"

"அம்மா..."

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நம்புங்கள், மசாலா டப்பா இருந்த பக்கம்கூடத் திரும்பவில்லை. குக்கர் விசில் அடித்து அடங்கியது. மூடியைத் திறந்தால் — பளீரென்று மஞ்சள்!

"அம்மா! மஞ்சத்தூள் போட்டியா?"

"சத்தியமா இல்லடி!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. மட்டனைக் கழுவும்போதே போட்டிருக்கிறேன். குக்கரில் ஏற்றும்போது இன்னொரு தடவையும். மட்டனைப் பார்த்தால் கை மஞ்சத்தூளுக்குப் போகும். அதற்கு நான் தேவையே இல்லை. கையே பார்த்துக்கொள்ளும். உங்கள் கை மட்டும் என்னவாம்?

"பிரவுனா இருக்கணும்மா. அவங்க அம்மா செஞ்ச மாதிரி இருக்கணும்னு ஆசையா இருக்காங்க," என்றாள் நித்யா, அழாத குறையாக. மறுபடி மட்டன் வாங்கி, வேகவைத்து... நேரமில்லை. "மேலே மாவுல மூடி போட்டு மூடத்தானே போறோம்? வாயை மூடு!" என்றேன்.

அந்த மூடிதான் அடுத்த சோதனை. மைதாவில் ஜில்லென்ற வெண்ணெயைப் பிசறி, ஐஸ் தண்ணீர் தெளித்து, கனமான சப்பாத்தி மாதிரி தேய்க்க வேண்டும். நெய்வேலி மே மாத அடுக்களையில் வெண்ணெயாவது, ஜில்லாவது? கிண்ணத்தில் போட்ட நிமிஷமே நெய்யாகிவிட்டது. வேறு வழியில்லாமல் பலகை, கட்டை, மாவு சகிதம் ஏசி ரூமுக்குள் குடிபுகுந்தேன். டிரஸ்ஸிங் டேபிளில் பலகையைப் போட்டு 'கடக் கடக்' என்று தேய்த்தேன். போர்வைக்குள்ளிருந்து ஒரு தலை வந்தது.

"பூரியா?"

"பை."

தலை உள்ளே போய்விட்டது.

ஒரு அகலமான எவர்சில்வர் பேசினில் மட்டனை நிரப்பி, ஆறவைத்து, மேலே மாவைப் போர்த்தினேன். ஓரத்தை ஃபோர்க்கால் அழுத்தச் சொன்னது செய்முறை. ஃபோர்க்காவது ஒன்றாவது! தீபாவளி தவறாமல் சோமாசி மடித்த விரல்கள் இவை. சுற்றிலும் பின்னல் பின்னலாக மடித்தேன். நித்யாவே வாயைப் பிளந்தாள்.

எல்லாம் சரி. சுட்டெடுக்க அவன்?

எங்கள் வீட்டில் அவன் கிடையாது. பிளாக் முழுக்க விசாரித்ததில், அகப்பட்ட மைக்ரோவேவ்களுக்குள் என் பேசின் நுழையவே நுழையாது. கடைசியில் பஜார் பேக்கரி ஞாபகம் வந்தது. இவரை எழுப்பினேன். பேசினைப் பத்திரமாக எதில் வைப்பது என்று தேடினால்... கையில் கிடைத்தது அந்த மஞ்சப்பை! அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணும்போது இவர் லேசாகச் செருமினார்.

டவுன்ஷிப் ரோட்டில் எத்தனை ஸ்பீட் பிரேக்கர் என்பது மடியில் பையை வைத்துக்கொண்டு போனால்தான் தெரியும்.

பேக்கரி மாஸ்டர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாங்க மேடம் இது?"

"பை."

"பைன்னு தெரியுதுங்க. உள்ள இன்னா?"

"பைதாங்க!"

அவர் இவரைப் பரிதாபமாகப் பார்த்தார். இவர், 'வூட்லயும் இதே கதைதான்' என்பது போலத் தலையாட்டினார். பேசினை வெளியே எடுத்துக் காட்டினேன்.

"அட, பப்ஸா! இம்மாம் பெருசா!" பன் வெந்து முடிந்ததும் உள்ளே தள்ளினார். வெளியே வந்தபோது... ஆகா! பொன்னிறம். சோமாசிப் பின்னல் கலையவில்லை. டீ குடிக்க வந்தவர்கள், அது என்ன விலை என்று கேட்டார்கள்.

மத்தியானம். மேஜை. பேசினைப் பார்த்ததும் சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஓரத்துப் பின்னலை விரலால் தடவினார். நான் கத்தியை வைத்தேன். மேல்மூடி நொறுங்கியது. ஆவி வந்தது. பின்னாலேயே மஞ்சள் குழம்பும் வந்தது.

நித்யா கண்ணை மூடிக்கொண்டாள்.

சம்பந்தியம்மா ஒரு வாய் எடுத்தார். மென்றார். 'லவ்லி' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இன்னொரு வாய். அதற்கும் வரவில்லை. போச்சு! மரியாதைக்குக்கூட அந்த வார்த்தை வரவில்லையே! அப்புறம்தான் கவனித்தேன். ஃபோர்க் வாக்கிங் போகவில்லை. தட்டுக்கும் வாய்க்கும் ஓடிக்கொண்டிருந்தது.

பாதியில் தலையை நிமிர்த்தி ஏதோ கேட்டார். நித்யா திகைத்துப் போனாள்.

"ஊறுகாய் இருக்கான்னு கேக்கறாங்கம்மா."

"யாரு?!"

அவர்கள் ஊரில் பையோடு வினிகரில் ஊறிய முட்டைக்கோஸ் தொட்டுக்கொள்வார்களாம். அதற்குப் பெயரும் பிக்கிள்தானாம். நம் வீட்டில் வினிகர் முட்டைக்கோஸுக்கு எங்கே போவது? இருந்தது, நான் போட்ட மாங்காய் ஊறுகாய். நித்யா தடுப்பதற்குள் சம்பந்தியம்மா பாட்டிலிலிருந்து ஒரு பெரிய துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டார்.

முகம் சிவந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். எங்கள் மூன்று பேருக்கும் மூச்சே நின்றுவிட்டது. அவர் மூச்சை இழுத்துப் பிடித்து, தட்டை முன்னால் நீட்டி, ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"மோர்!"

இவர் பாய்ந்தார். நைட் ஷிஃப்ட் பார்த்த மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. ஃபிரிட்ஜைத் திறந்து, சொம்பு நிறைய மோரை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

சம்பந்தியம்மா சொம்பைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மடக் மடக்கென்று மோர் முழுவதையும் குடித்தார். பிறகு தட்டை மறுபடியும் நீட்டினார். பொறுமையாக.

"மோர்."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. நித்யா சிரித்த சிரிப்பில் அடுத்த க்வாட்டர்ஸ் ஜன்னல் திறந்தது. விஷயத்தை விளக்கியதும் சம்பந்தியம்மா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். மூன்றாவது தடவை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார். பாதிப் பை காலி; அந்தப் பக்க ஓரத்தில் ஒட்டிய மொறுமொறுப்பைக்கூட விடவில்லை. கறி ஏன் மஞ்சள் என்று கேட்டதற்கு, எங்கள் சுரங்கத்தில் இப்படித்தான் என்று இவர் இங்கிலீஷில் அளந்துவிட்டார்.

ஒன்று புரிந்தது. 'லவ்லி' என்று சொல்லும் விருந்தாளியை நம்பாதீர்கள். தட்டை நீட்டும் விருந்தாளியை நம்புங்கள். அவர்தான் சொந்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் கார் நின்றது. சம்பந்தியம்மா என்னைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொள்ளக் கொஞ்சம் சிரமப்பட்டார். ஒரு தோளில் ஊறுகாய் பாட்டில்கள் இருந்த மஞ்சப்பை. இன்னொரு தோளில் மஞ்சத்தூள், முந்திரியோடு இரண்டாவது மஞ்சப்பை. கையில் மூன்றாவது; அதில், வழியில் சாப்பிட, மிச்சமிருந்த அரைப் பை.

கார் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்த இவர், என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"நாலு வாங்கினதுக்குத் திட்டுகினு இருந்தியே... இன்னும் ஒண்ணுதான் மிச்சம்!"