பூத்தும் காய்க்காத ஒலிவ் மரங்கள்

நான் ஒருநாளும் தொட்டுப் பார்த்திராத மரமொன்றின் மகரந்தத்தை, அந்த மரத்தோப்பே இல்லாத, ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் இருந்து எண்ணுவதுதான் என் வேலை. ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கடினம். கிரேக்கத்தில் ஒலிவ் தோப்பொன்றின் நடுவில் ஒரு கருவி காற்றை உறிஞ்சியபடி நிற்கிறது. காற்றோடு வரும் மகரந்தம் அதனுள் சுழலும் ஒட்டுநாடாவில் படியும். வாரத்துக்கு ஒருமுறை நாடா தபாலில் வரும். நான் அதை நாள்வாரியாக வெட்டி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து எண்ணுவேன். மழை பெய்த நாளின் துண்டு வெறிச்சோடிக் கிடக்கும். வெயில் ஏறிய நாளில் மணிகள் நெருக்கியடிக்கும். அந்த எண்ணிக்கையையும் வானிலையையும் சேர்த்து, இலையுதிர்காலத்தில் எவ்வளவு காய் வரும் என்று எங்கள் ஆய்வுகூடம் கணித்துச் சொல்லும். அதை நம்பித்தான் அங்குள்ள விவசாயிகள் சங்கம் எண்ணெய் விற்க ஒப்பந்தம் போடுகிறது.

அந்த மே மாதம் வந்த நாடாவைப் போல் நான் முன்பு கண்டதில்லை. எண்ணி முடிக்க இரண்டு நாள் எடுத்தது. வழக்கம்போலத் தோப்புக்காரர் யானிஸை அழைத்து, பூ எப்படி என்று கேட்டேன். அவர் இளவயதில் ஜெர்மனிக்கு வந்து, இருபது வருடம் தோட்ட வேலை செய்துவிட்டுத் திரும்பிப் போனவர். "மரம் முழுக்கப் பூதான். ஆனால் தௌப்," என்றார். ஜெர்மன் மொழியில் 'தௌப்' என்றால் செவிடு. லைன் சரியில்லை, நான் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, "இப்ப கேக்குதோ?" என்று கத்தினேன். அவர், "ஓம், ஓம்," என்று போனை வைத்துவிட்டார். படிவத்தில் 'பூத்தது மிக நன்று' என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கணிப்பு சங்கத்துக்குப் போக வேண்டும். பின்னேரம் அவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார்கள். பத்தரை மணி இடைவேளையில், கூட வேலை செய்யும் சபீனே வால்நட் ஒன்றை உடைத்தாள். உள்ளே பருப்பு இல்லை. "தௌப்," என்று சொல்லிக் குப்பையில் எறிந்தாள்.

உள்ளே ஒன்றுமில்லாததற்கும் அதே சொல்தான்; யானிஸ் சொன்னது லைனை அல்ல, பூவை. யானிஸை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். பிறகு என் கணவரை அழைத்து நடந்ததைச் சொல்லி, தலைவரிடம் சொல்லப் போகிறேன் என்றேன்.

"நீர் ஏன் இப்ப வாயைத் திறக்கிறீர்?" என்றார் அவர். "அடுத்த மாதம் உம்மட வேலை ஒப்பந்தம் முடியுது. பிழை என்ர எண்டு நீரே போய்ச் சொல்லப் போறீரோ?"

"அந்த மனுஷன் சொன்னவர். நான்தான் விளங்காமல் விட்டனான்."

அகதியாக வந்த புதிதில், குடிவரவு அலுவலகத்தில் நடந்த முதல் டெர்மினில், அந்த நேர்காணலில், விளங்காத கேள்விகளுக்கெல்லாம் 'யா' என்று தலையாட்டினேன். அப்படி ஆட்டியதில் என் பிறந்த மாதமே மாறிப்போனது. இன்றும் என் அடையாள அட்டையில் அந்தப் பிழையான மாதம்தான் இருக்கிறது. திரும்பக் கேட்டால் மொழி தெரியாதவள் என்று நினைப்பார்களே என்ற அந்தப் பயம் இத்தனை வருடத்திலும் போகவில்லை. இந்த முறை அதற்கு வேறு யாரோ விலை கொடுக்கப் போகிறார்கள்.

பகுதித் தலைவர் ஹோல்கரின் அறைக்குப் போனேன். நான் சொன்னதைக் கேட்டவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இவ்வளவு மகரந்தம் இருக்கு. ஒரு சொல்லை நம்பி இதை நிப்பாட்டேலாது. ஆதாரம் இருக்கோ?"

"இல்லை. அவர் போன் எடுக்கிறார் இல்லை."

"அப்ப பன்னிரண்டு மணிக்குப் போகும்."

பதினொன்று நாற்பதுக்கு யானிஸ் அழைத்தார். தோப்பில் நின்றிருக்கிறார். எதையும் விளக்காமல், "பூவின்ர நடுவைப் படம் எடுத்து அனுப்புங்கோ, கெதியா," என்றேன். ஐந்து படங்கள் வந்தன. வெள்ளை இதழ், மகரந்தம் நிறைந்த மஞ்சள் பைகள் இரண்டு. காயாக வேண்டிய பச்சைச் சூலகம் இருக்கும் இடத்தில் கருகிய ஒரு புள்ளி மட்டும். ஹோல்கர் தோப்பின் குளிர்கால மழைக்கணக்கைத் திறந்தார். மாதக்கணக்கில் மழையே இல்லை. தண்ணீர் காணாத மரம் சூலகத்தைக் கைவிட்டு, மகரந்தத்தை மட்டும் அள்ளி வீசியிருக்கிறது.

அவர் கணித்த அளவை அரைவாசிக்கும் கீழே இறக்கி, பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் இருக்க அனுப்பினார். நன்றி சொல்லவில்லை. "இனிமேல் விளங்காட்டில் திரும்பக் கேளுங்கோ," என்றார். அது நியாயம்தான். ஆனாலும் கழிப்பறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். என் ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்கு மட்டும் நீட்டினார்கள்.

ஒக்டோபர் கடைசியில் யானிஸ் பேசினார். மரங்களில் காய் மிகக் குறைவு. சங்கம் கொடுக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே ஒப்பந்தம் போட்டிருந்ததால் தப்பிவிட்டது. கொஞ்ச நேரம் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு, "உங்கட பக்கம் மழையோ?" என்று கேட்டார்.

"ஓம், நேற்றுத் தொடங்கினது, இன்னும் விடேல்லை," என்றேன்.

சொன்ன பிறகுதான் ஜன்னலைப் பார்த்தேன். டோர்ட்மண்டில் நல்ல வெயில். வாகனத் தரிப்பிடம் காய்ந்து கிடந்தது. மழை ஊரில், யாழ்ப்பாணத்தில். காலையில் தம்பி அனுப்பிய குரல் பதிவில் அவன் பேச்சை மூடிக்கொண்டு அது கொட்டியது.

"நல்லது, மரங்களுக்கு நல்லது," என்றார் யானிஸ். நான் திருத்தவில்லை. கண்ணுக்கு எட்டிய வரை வெயில் அடிக்க, மழையைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தேன்.