பத்தொன்பதாம் எண் சீட்டு

பத்மோஸ் தீவை ஐந்து மணி நேரத்தில் காட்டிவிட முடியும் என்று தியோலோகோஸ் முப்பத்தொரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காட்டிக்கொண்டும் இருந்தார்.

முதலில் புனிதக் குகை. பேருந்துகள் எல்லாம் மேலே மடத்துக்கு ஓடும் நேரத்தில் குகை காலியாக இருக்கும். பிறகு மடம். பிறகு காற்றாலைகள் பக்கத்தில் பத்து நிமிஷம், படம் எடுக்க. அங்கிருந்து கிரீக்கோஸ் கடற்கரை. குளிக்கிறவர்கள் குளிக்கலாம், மற்றவர்கள் பொரித்த சின்ன மீனும் பாலாடைக்கட்டிப் பணியாரமும் சாப்பிடலாம். கடைசிப் படகுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஸ்காலா படகுத்துறையில் கொண்டுவந்து விட்டுவிடுவார். அவர் டாக்ஸியில் ஏறி கப்பலைத் தவறவிட்டவர் என்று ஒருவரும் கிடையாது.

கப்பலில் வருகிறவர்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே எழுதிக் கேட்பார்கள். எல்லோருக்கும் அவர் பதிலில் முதல் வரி ஒன்றுதான்: "கப்பல்காரர்கள் விற்கும் பேருந்துச் சுற்றுலாவை வாங்காதீர்கள். நான் படகுத்துறையில் உங்கள் பெயரெழுதிய அட்டையோடு நிற்பேன்." அதை நான்தான் அவருக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒன்பது வருஷம் வெளியூர்களில் அலைந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தேன். படகுத்துறைக் கூண்டில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு வரைபடம் கொடுக்கிற வேலை. அவர் வீடும் எங்கள் வீடும் மேலே மலையூரான ஹோராவில் ஒரே சந்து.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. லேரோஸ் தீவில் ஒரு பெண் பேசி வைத்திருந்தார்கள். டாக்ஸி வாங்கிய வருஷம் கல்யாணம் தள்ளிப்போனது. அப்படியே தள்ளிப்போனது. அம்மா செவஸ்தியோடு இருந்தார். இடுப்பு உடைந்து நாலு வருஷமாகச் செவஸ்தி அத்தைக்கு நடை இல்லை. காலையில் முகம் கழுவிவிடுவது, காப்பி போட்டுக் கொடுப்பது, ஜன்னலோரம் உட்கார்த்திவிட்டு வண்டி எடுப்பது, எல்லாம் அவர்தான்.

தங்கை தெமெலீனா மெல்பர்னில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்தாள். போய் இருபத்திரண்டு வருஷம். வருவதற்குள் ஒவ்வொரு முறையும் ஏதாவது வந்துவிடும். பிள்ளைப்பேறு, வீட்டுக் கடன், கடைசியாகக் கணவனுக்குப் பக்கவாதம். அந்த ஆகஸ்ட்டில் அவளுடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு மகள்கள் சேர்ந்து கப்பல் பயணச் சீட்டு எடுத்துக் கொடுத்தார்கள். கப்பலென்றால் அப்பாவைப் படிக்கட்டு ஏற்றி இறக்க வேண்டாம், கவனித்துக்கொள்ள ஆள் இருக்கும் என்று கணக்கு. அதைவிட முக்கியம், அந்தக் கப்பல் பத்மோஸில் ஐந்து மணி நேரம் நிற்கும்.

"இங்க ஒருத்தி சொல்றாண்ணே, கப்பல் டூர் வாங்கினவங்களைத்தான் முதல்ல கரையில இறக்குவாங்களாம்," என்று முந்தைய துறைமுகத்திலிருந்து அவள் தொலைபேசியில் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"இறக்கட்டுமே. அரை மணி முன்னபின்ன ஆகும், அவ்வளவுதான். அந்தக் காசைக் கொண்டுபோய் அவனுங்ககிட்ட கொடுப்பியா? உன் அண்ணன் டாக்ஸி வச்சிருக்கான், நீ அடுத்தவன் பஸ்ல ஏறி ஊர் பார்ப்பியா?"

"ஊர் எனக்கெதுக்கு. அம்மாவைப் பார்க்கணும்."

"அதைத்தான் சொல்றேன். நேரா வீடு. வேற எங்கயும் நிறுத்த மாட்டேன்."

அன்றைக்குக் காலை ஐந்து மணிக்கே அத்தை வெள்ளைக் கழுத்துப்பட்டி வைத்த நீல உடுப்பைப் போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டாளாம். சாப்பிட்டால் கறை படும் என்று காப்பிகூட வேண்டாமென்றாள்.

பத்து மணிக்குக் கப்பல் விரிகுடாவுக்கு வெளியே நங்கூரம் போட்டது. எங்கள் துறை சிறியது, பெரிய கப்பல் உள்ளே வராது. கப்பலின் சிறு படகுகள்தான் ஆட்களை ஏற்றிவந்து இறக்கும். காற்றை நாங்கள் எண்ணால் சொல்வோம். அன்றைக்குக் காலையில் ஐந்து. ஐந்தென்றால் ஆகஸ்ட்டில் யாரும் பேச்செடுக்க மாட்டார்கள்.

தியோலோகோஸ் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் நின்றுகொண்டிருந்தார். கையில் அட்டை. பெரிய எழுத்தில் 'தெமெலீனா'.

பக்கத்து வண்டிக்காரர் பஸ்காலிஸ் அதைப் பார்த்துவிட்டார். "ஏம்ப்பா, கூடப்பிறந்தவளுக்கும் அட்டையா? காற்றாலைகிட்ட பத்து நிமிஷம் நிறுத்தி போட்டோவும் எடுப்பியோ?"

"இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. அவளுக்கு என்னை அடையாளம் தெரியலைன்னா?"

"அந்த மூக்கைப் பார்த்தா கப்பல்லயிருந்தே தெரியும்."

முதல் படகுகளில் கப்பல் டூர் வாங்கிய பேருந்துக்காரர்கள் வந்தார்கள். சட்டையில் எண் ஒட்டிக்கொண்டு, வழிகாட்டியின் குடைக்குப் பின்னால் வரிசையாகப் போய் ஏறினார்கள். ஆறு பேருந்துகள் நிரம்பின. மற்றவர்களுக்கு எண் சீட்டு கொடுத்து, எண் கூப்பிடக் கூப்பிட இறக்குகிறார்கள் என்று தெமெலீனா தொலைபேசியில் சொன்னாள். கப்பல் அவ்வளவு பக்கத்தில் நின்றதால் குரல் தெளிவாகக் கேட்டது.

"எந்த எண் கூப்பிட்டாங்க?"

"ஒன்பது."

"உன்னோடது?"

"பத்தொன்பது."

பதினொன்றேகாலுக்குக் காற்று ஆறு ஆகியிருந்தது. கடைவாசல் குடைகளை மடக்கத் தொடங்கினார்கள். பன்னிரண்டாம் எண்காரர்கள் வந்த படகு துறைச் சுவரில் இரண்டு முறை மோதியது. இறங்கும்போது ஒரு பெண் முழங்கால் தரையில்பட விழுந்தாள். தியோலோகோஸ்தான் ஓடித் தூக்கிவிட்டார். தூக்கிவிட்டுக் கடலைப் பார்த்தார். முனைக்கு அப்பால் நீர் வெள்ளையாகக் கிழிந்துகொண்டிருந்தது. அது எப்போது ஏழாகும் என்பதை அந்தத் துறையில் அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இல்லை. அட்டையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தொலைபேசி அடித்தது.

"நிறுத்திட்டாங்கண்ணே. பதினாலோட நிறுத்திட்டாங்க. காத்து ஜாஸ்தியாம். இனிமே யாரையும் இறக்க மாட்டாங்களாம். இறங்கினவங்களையும் திரும்பக் கூப்பிடறாங்க, ரெண்டு மணிக்கே கிளம்புதாம் கப்பல்."

"அழாத. இரு. நான் பேசறேன்."

யாரோடு பேசுவது என்று அவருக்கே தெரியவில்லை. முதலில் மீன்பிடிப் படகு வைத்திருக்கும் யாகோவோஸிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"போலாம்," என்றார் யாகோவோஸ். வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கப்பல் பக்கத்துல கொண்டுபோய் நிறுத்தவும் நிறுத்துவேன். கதவை யார் திறப்பா? உன் தங்கச்சி என்ன, ஏழாவது மாடியிலயிருந்து குதிப்பாளா?"

துறைமுகக் காவல் அலுவலகத்தில் இருந்த அதிகாரி, தியோலோகோஸ் வாயைத் திறப்பதற்கு முன்பே கையைக் காட்டி நிறுத்தினார். ஊர்ப் படகுகள் எதுவும் வெளியே போகக்கூடாதென்று அரை மணி முன்பே உத்தரவு வந்திருந்தது.

"எனக்கும் அம்மா இருக்காங்க தியோலோகோ. கேக்காதே. என்னை இல்லைன்னு சொல்ல வைக்காதே."

வெளியே வந்தபோது கப்பலின் படகு ஒன்று துறைக்கு வந்துகொண்டிருந்தது. உள்ளே ஓட்டுகிற இரண்டு பேரைத் தவிர ஆளில்லை. பேருந்துக்காரர்களை ஏற்றிப்போக வருகிற படகு. நூறு இருக்கைகளும் காலி.

"அந்தப் படகு காலியா வருதுடி," என்றார் தொலைபேசியில். "கண்ணாலயே பார்க்கறேன், காலியா வருது. அடுத்ததுல ஏறி உக்காரு."

"இங்க ஆபீசர்கிட்ட கேட்டேண்ணே. கையெடுத்துக் கும்பிடாத குறையா கேட்டேன். இறங்கிட்டா திரும்ப ஏத்த முடியாமப் போகலாம்னு சொல்றான். நான் திரும்பவே வேண்டாம்னுகூட சொன்னேன். அப்ப உங்க வீட்டுக்காரரை யார் பார்த்துப்பான்னு கேட்டான். அவர் பக்கத்துல உக்காந்து என்னையே பார்த்துக்கிட்டிருந்தார். நான் என்ன சொல்ல?"

தியோலோகோஸ் அட்டையைக் கீழே இறக்கினார். பிறகு, "நான்தான் டூர் வாங்காதேன்னேன்," என்றார். அவளிடம் சொன்னாரா என்னிடம் சொன்னாரா தெரியாது. பஸ்காலிஸ் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சிகரெட்டைத் தரையில் போட்டு மிதித்துவிட்டுத் தன் வண்டிப் பக்கம் போய்விட்டார்.

"அர்கிரோ, மேல வர்றியா? அம்மாவைத் தூக்கணும்."

கூண்டைப் பூட்டிவிட்டு ஏறினேன்.

அத்தை ஜன்னலோரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் எட்டிப் பார்த்தாள். "எங்கடா அவ?"

"கீழே போலாம்மா."

"அவளுக்கென்ன, மேட்டுல ஏற முடியலையா? அவ்வளவு வயசாயிடுச்சா என் பொண்ணுக்கு?" என்று சிரித்தாள். நாற்காலியோடு வண்டி வரை தூக்கிவந்து முன் இருக்கையில் உட்கார்த்தினோம். கனமே இல்லை.

குகைக்குப் பிரியும் வளைவில்தான் துறைமுகம் முழுதாகத் தெரியும். பயணிகள் படம் எடுப்பதற்காக அவர் எப்போதும் நிறுத்தும் இடம். கை தானாக வண்டியை அங்கே ஒதுக்கிவிட்டது. அங்கே வைத்துத்தான் சொன்னார். காற்று, எண் சீட்டு, பதினாலு, பத்தொன்பது, காலிப் படகு எல்லாம். அத்தை கப்பல் இருந்த திசையில் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப என்னை எதுக்கு வீட்டுலயிருந்து இறக்கினே?"

"இன்னும் கொஞ்சம் பக்கத்துலயாவது."

அத்தை கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, "சரி, ஓட்டு," என்றாள்.

துறையில் பேருந்துக்காரர்கள் திரும்பிப் போக வரிசையில் நின்றிருந்தார்கள். பாதி மடத்தைக்கூடப் பார்க்கவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்களா என்று ஒருவர் வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். தியோலோகோஸ் வண்டியை வரிசைக்கு எவ்வளவு பக்கத்தில் நிறுத்த முடியுமோ அவ்வளவு பக்கத்தில் நிறுத்தினார். பஸ்காலிஸ் தன் வண்டியைப் பின்னால் எடுத்து இடம்விட்டார். தியோலோகோஸ் தொலைபேசியை அம்மாவின் கையில் கொடுத்தார்.

"அம்மா, மஞ்சள் துணி ஆட்டறேம்மா. ஏழாவது மாடி. படகு தொங்குதுல்ல, அதுக்கு மேல. தெரியுதா?"

"தெரியுதுடி," என்றாள் அத்தை. "நல்லாத் தெரியுது. இளைச்சுட்டே."

அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் ஆளையே குரலை வைத்துத்தான் சொல்வாள். தியோலோகோஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் புரை இல்லை. கப்பலின் விளிம்பு முழுக்க ஆட்கள் நின்று, ஏதேதோ துணிகளை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். எது மஞ்சள் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

வரிசை மெல்ல நகர்ந்தது. வெள்ளைத் தலையோடு உயரமான ஒரு பெரியவர், மனைவியின் பையைச் சுமந்தபடி, எங்கள் வண்டி ஜன்னலுக்கு நேராக வந்து நின்றார். அத்தை கையை வெளியே நீட்டி அவர் சட்டைக்கையைப் பிடித்தாள்.

"தம்பி, நீ அந்தக் கப்பலுக்குத்தானே போறே? அர்கிரோ, சொல்லுடி இவன்கிட்ட. என் பொண்ணு அங்க இருக்கா."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் பையைக் கீழே வைத்தார்.

"என்னை நல்லாப் பார்க்கச் சொல்லு," என்றாள் அத்தை. "அவகிட்ட போய்ச் சொல்லணும். அம்மா நல்லா இருக்கா, பல்லு எல்லாம் இருக்கு, நீல உடுப்பு போட்டிருந்தான்னு சொல்லணும்."

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். குனிந்து அவளைப் பார்த்தார். வரிசை முன்னால் நகர்ந்து இடைவெளி விழுந்தது, பின்னால் நின்றவர்கள் அங்கேயே காத்து நின்றார்கள். தியோலோகோஸ் பின் இருக்கையிலிருந்த அட்டையை எடுத்து அவரிடம் கொடுத்தார். இதைக் கப்பலுக்குள் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், அவளாக வருவாள் என்று சைகையில் காட்டினார். பெரியவர் அதைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு படகில் இறங்கினார். படகு ஒவ்வொரு அலையிலும் காணாமல் போய்த் திரும்பி வந்தது.

இரண்டு மணிக்கு முன்பே நங்கூரம் எழுந்தது.

"வந்தானாடி? உயரமா ஒருத்தன்," என்று அத்தை தொலைபேசியில் கேட்டாள்.

"யாரும் வரலம்மா. இங்க ரெண்டாயிரம் பேர் இருக்காங்க. எந்த மாடின்னு நான் தேடுவேன்? இவரைத் தனியா விட்டுட்டு எவ்வளவு தூரம் போவேன்?"

"வருவான். நல்ல பையனா இருந்தான். கைகூட பிடிச்சான்."

கப்பல் மூக்கைத் திருப்பி முனையை நோக்கிப் போகத் தொடங்கியதும் தியோலோகோஸ் வண்டியைக் கிளப்பினார். மேடேறும் வழியெல்லாம் அத்தை காதிலிருந்து தொலைபேசியை எடுக்கவில்லை. சமையலறையில் ஓதம் ஏறுவதை, பக்கத்து வீட்டுப் பூனையை, வரும் கோடையில் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதை எல்லாம் சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்தினாள், பதில் கேட்பது போலத் தலையை ஆட்டினாள், மேலே சொன்னாள். தெமெலீனாவின் குரல் அதுவரை பின் இருக்கைக்கே கேட்டுக்கொண்டிருந்தது. கப்பல் முனையைத் தாண்டியபோதே இணைப்பு அறுந்து, அந்தக் குரல் நின்றுபோயிருந்தது. கண்ணாடியில் தியோலோகோஸின் கண்ணைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்திருந்தது. வண்டியை நடை வேகத்துக்குக் குறைத்தார். பின்னால் வந்த ஒரு வேன் இரண்டு முறை ஒலியெழுப்பிவிட்டு எங்களைக் கடந்து போனது.

சந்து முனையில் நிறுத்தியதும் அத்தை தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து மகன் மடியில் வைத்தாள்.

"குகைகிட்டயே அறுந்துபோச்சு. பேச்சை நிறுத்தினா நீ அழுதுடுவே, மலைப்பாதைல வண்டி ஓட்டணுமேன்னு பேசிக்கிட்டே வந்தேன்."

அவர் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கின்மேல் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். நான் கதவைத் திறந்தேன், இறங்கவில்லை.

"இறக்குங்கடா," என்றாள் அத்தை. "கால் மரத்துப்போச்சு."